தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றா?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்தச் சிரசில் ஓர் அடி பட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரத்தம் கொட்டினால் பதறிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இரத்தம் வராவிட்டாலோ, வீங்கிய இடத்தில் தைலத்தைத் தேய்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று ஆறுதல் அடைந்து விடுகிறோம்.

செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுகிறது. செம்பனை வெட்டும் இடத்தில் மட்டை ஒன்று தலையில் தட்டிவிட்டுத் தரையில் விழுகிறது. திடலில் பந்து விளையாடும் பையன்கள் இருவர் தலையோடு தலை மோதிக் கொள்கிறார்கள். குளியலறையில் பாட்டி வழுக்கி விழுகிறார். இவையெல்லாம் நாம் அடிக்கடி காண்பவை. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் போதும், கூடிய கூட்டம் கலைந்து விடும்.

ஒன்றுமில்லை என்பது உண்மைதானா? அடி விழுந்த அந்த ஒரு நொடியில் மண்டை ஓட்டுக்குள் என்ன நடக்கிறது? எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட விடையில் ஒரு பகுதி, நம் மூளையின் மடிப்புகளுக்குள் இருக்கிறது. ஆகவே, வாசகர்களே, முதலில் அந்த மடிப்புகளைச் சற்றுப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒன்றரை அடித் துணி

அக்ரூட் பருப்பை உடைத்துப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்குள் பருப்பு மேடும் பள்ளமுமாகச் சுருங்கிக் கிடக்கும். மனித மூளையும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். வளர்ந்த ஒருவரின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை கொண்டது. அதன் மேற்புறத்தைச் சாம்பல் நிறத்தில் ஓர் உறை போர்த்தியிருக்கிறது. அதற்குப் புறணி என்று பெயர். அதன் கனம் சுமார் 2 முதல் 4 மில்லி மீட்டர்தான். ஆனால் நாம் காண்பதும், பேசுவதும், கணக்குப் போடுவதும், வந்த கோபத்தை அடக்கிக் கொள்வதும், நாளைய வேலையை இன்றே திட்டமிடுவதும் இந்த மெல்லிய உறையின் துணையோடுதான். மூளையில் உள்ள நரம்பணுக்கள் மொத்தம் சுமார் 8,600 கோடி. அவற்றில் ஏறத்தாழ 1,600 கோடி இந்த உறைக்குள் இருக்கின்றன.

இந்த உறையைச் சுருக்கம் நீக்கி விரித்துப் போட முடியுமானால் அதன் பரப்பு சுமார் 2,000 சதுர சென்டி மீட்டர் இருக்கும். அதாவது, பக்கத்துக்கு ஒன்றரை அடி உள்ள ஒரு சதுரத் துணி! அவ்வளவு பெரிய துணியை ஒரு தேங்காய் அளவுள்ள கூட்டுக்குள் வைக்க வேண்டுமானால் மடிக்கத்தானே வேண்டும்? இயற்கை அதைத்தான் செய்திருக்கிறது. புறணியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்து கிடக்கிறது. வெளியே நாம் காணும் மேடுகள் மீதி ஒரு பங்குதான்.

இந்த மடிப்பை அளப்பதற்கும் வழி கண்டார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஸில்ஸும் அவருடைய தோழர்களும் 1988-ஆம் ஆண்டில் அந்த அளவுகளை வெளியிட்டார்கள். மூளையைக் குறுக்கே நறுக்கிய துண்டில் வெளி ஓரத்தை மட்டும் சுற்றி ஒரு கோடு. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறி இன்னொரு கோடு. இரண்டாவது கோடு முதல் கோட்டைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்தார்கள். மனிதருக்குச் சராசரியாக 2.55 மடங்கு வந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

மடிப்பு அதிகமானால் அறிவு அதிகம் என்று நினைத்து விடாதீர்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்த எரசிஸ்ட்ராட்டஸ் என்ற மருத்துவர் அப்படித்தான் கருதினார். பின்னால் வந்த காலன் என்ற புகழ் பெற்ற மருத்துவர், "கழுதையின் மூளையிலும்தான் மடிப்புகள் ஏராளமாக இருக்கின்றனவே!" என்ற பொருளில் அதைக் கேலி செய்தார். டால்பினின் மூளை மனித மூளையைவிடக் கூடுதலாக மடிந்தது. எலியின் மூளையோ வழவழப்பானது. மடிப்பு என்பது இடத்தைச் சேமிக்கும் வழி. அதை வைத்து யாரையும் கெட்டிக்காரர், மந்தமானவர் என்று சொல்லிவிட முடியாது.

கருவில் விழும் மடிப்பு

இந்த மடிப்புகள் எப்போது விழுகின்றன? தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதம் வரையில் குழந்தையின் மூளை ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கிறது. ஒன்றிரண்டு பெரிய பள்ளங்கள் மட்டும் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். அதன் பிறகே மேடுகளும் பள்ளங்களும் வேகமாக உருவாகின்றன. கடைசி மூன்று மாதங்களில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கிறது. குழந்தை பிறக்கும்போது முக்கியமான மடிப்புகள் எல்லாம் தத்தம் இடத்தில் அமைந்து விடுகின்றன.

எப்படி விழுகின்றன என்பதற்கு அறிஞர்கள் இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் வான் எஸன் 1997-இல் சொன்னது முதலாவது. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்க நரம்பு இழைகள் ஓடுகின்றன. அவை விறைப்பாக இழுத்துப் பிடிப்பதால் உறை மடிகிறது என்றார் அவர். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சேர்கிறதல்லவா, அதைப் போல!

இரண்டாவது விளக்கம் 2016-இல் வலுப் பெற்றது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் மகாதேவன் என்ற பேராசிரியரும், பின்லாந்து, பிரான்சு நாடுகளைச் சேர்ந்த அறிஞர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். (இந்த மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர்.) கருவிலுள்ள 22 வாரக் குழந்தையின் மூளையைப் படம் எடுத்து, அதே வடிவத்தில் கூழ் போன்ற ஒரு பொருளால் வழவழப்பான மாதிரி மூளை ஒன்றைச் செய்தார்கள். அதன் மேல் அதே பொருளால் மெல்லிய உறை ஒன்றைப் பூசி, ஒரு திரவத்தில் அமிழ்த்தினார்கள். உறை திரவத்தை உறிஞ்சி உப்பியது. உள்ளே இருந்த பகுதி அவ்வளவாக உப்பவில்லை. விரிய இடமில்லாமல் உறை மடிந்தது. கொஞ்ச நேரத்தில் உண்மையான மூளையில் உள்ளதைப் போன்ற மேடுகளும் பள்ளங்களும் உருவாகிவிட்டன! மேலுறை உள்பகுதியைவிட வேகமாக வளர்வதாலேயே மடிப்பு விழுகிறது என்பதற்கு இது நல்ல சான்றாயிற்று.

இழுப்பினாலோ, நெருக்கத்தினாலோ, அல்லது இரண்டினாலுமோ, மூளை மடிந்தே நமக்கு வாய்த்திருக்கிறது. இனி, அந்த மடிந்த மூளைக்கு ஓர் அடி விழுந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இலேசான அடி என்றால் என்ன?

டாக்டர்கள் தலைக்காயத்தை இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். கண் திறக்கிறாரா, கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவது இந்த முறை. இன்றும் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இதுவே வழக்கத்தில் இருக்கிறது.

அடிபட்டவருக்கு 13 முதல் 15 வரை கிடைத்து, நினைவு தப்பியிருந்தாலும் அது அரை மணிக்குள் திரும்பி, நடந்ததை மறந்த மயக்க நிலை ஒரு நாளுக்குள் தெளிந்துவிட்டால் அது இலேசான மூளைக் காயம். மூளை அதிர்ச்சி என்றும் சொல்வார்கள். நினைவு தப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. சற்று நேரம் திகைத்து நின்றாலும், "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டாலும் மூளை அதிர்ந்திருக்கிறது என்று பொருள்.

இலேசானது என்ற சொல் உயிருக்கு உடனடி ஆபத்து குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. அடிபட்டவர் படும் பாடு இலேசானது என்று அதற்குப் பொருள் இல்லை.

அகார் அகார் சொல்லும் பாடம்

வீட்டில் அகார் அகார் காய்ச்சாத தாய்மார்கள் நம்மில் குறைவு. அடுத்த முறை வட்டமான கிண்ணம் ஒன்றில் ஊற்றி உறைய வையுங்கள். உறைந்த பிறகு கிண்ணத்தை மேசைமேல் நேராகத் தள்ளி நிறுத்துங்கள். அகார் அகாருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்போது கிண்ணத்தை இரு கையாலும் பிடித்துச் சட்டென்று திருகி நிறுத்துங்கள். கிண்ணம் நின்றுவிடும். உள்ளே இருப்பது நிற்காமல் நெளியும். பலமாகத் திருகினால் உள்ளுக்குள்ளேயே விண்டு போகும்.

1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்ற பெளதிக அறிஞர் ஏறக்குறைய இதையேதான் செய்தார். ஜெலட்டினால் மூளை மாதிரிகளைச் செய்து, அவற்றைத் திருகிப் பார்த்தார். தலை நேராகத் தள்ளப்படுவதைவிட, சட்டென்று சுழற்றப்படும்போதுதான் மூளை உள்ளுக்குள் அதிகமாக நெளிந்து இழுபடுகிறது என்று எடுத்துச் சொன்னார். குத்துச் சண்டையில் முகவாயில் விழும் குத்து ஏன் ஆளை மயக்கிப் போடுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்தக் குத்து தலையைச் சுழற்றி விடுகிறது. மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தலையும் நேர்க்கோட்டில் போவதில்லை, சுழன்றுதான் மோதுகிறது.

உயிருள்ள மூளை மிக மிருதுவானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு நீர் அதைச் சூழ்ந்து மெத்தை போல் தாங்குகிறது. நடப்பது, ஓடுவது, குதிப்பது போன்ற அன்றாட அசைவுகளுக்கு அந்த மெத்தை போதும். திடீர்ச் சுழற்சிக்குப் போதாது.

உள்ளே ஓடும் நரம்பு இழைகளின் குணமும் கவனிக்கத் தக்கது. சூடான டோடோலை மெல்ல இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து போகும். நரம்பு இழையும் அப்படித்தான். மெதுவாக நீண்டால் தாங்கிக் கொள்கிறது. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் இழுபட்டால் அதன் உள்ளே உள்ள நுண்குழாய்கள் முறிகின்றன. அணுக்களுக்கு உள்ளும் வெளியும் இருக்க வேண்டிய உப்புச் சத்துகள் இடம் மாறிப் போகின்றன. அவற்றை மறுபடி ஒழுங்குபடுத்த மூளை கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. அடிபட்ட பிறகு சில நாள் ஆளைச் சோர்வு பிடித்து ஆட்டுவதற்கு இது ஒரு காரணம்.

பட்டுச் சேலை எங்கே இற்றுப் போகும்?

பெட்டியில் மடித்து வைத்த பழைய பட்டுச் சேலையை எடுத்துப் பாருங்கள். அது எங்கே இற்றுப் போயிருக்கும்? மடிப்பில்தான்! அதனாலேயே நம் வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலையை அவ்வப்போது வேறு விதமாக மாற்றி மடித்து வைக்கிறார்கள். மூளையை மாற்றி மடிக்க முடியாது.

2017-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் மூளையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் கணினிக்குள் வரைந்து, அதற்கு அடி கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஏற்படும் மோதல், சாலை விபத்து, கீழே விழுதல் ஆகியவற்றைக் கணினியிலேயே நிகழ்த்தினார்கள். மூளை மிகுதியாக இழுபட்ட இடம் எது தெரியுமா? மேடுகளின் உச்சி அன்று, பள்ளங்களின் அடி. அடி வெளியிலிருந்து வந்தாலும் அதன் வேகம் போய்ச் சேர்ந்தது மடிப்பின் ஆழத்தில்!

இந்தக் கணக்கு வெறும் கற்பனை அன்று என்பதற்கு வேறொரு சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த மார்ட்லண்ட் என்ற டாக்டர், பல காலம் குத்துச் சண்டை போட்டவர்கள் தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றி 1928-லேயே எழுதினார். 1973-இல் இங்கிலாந்தில் கோர்ஸெல்லிஸும் அவர் தோழர்களும் இறந்துபோன 15 குத்துச் சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து அவற்றில் இருந்த சேதத்தை விவரித்தார்கள். 2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் மனம் குழம்பி அவதிப்பட்டவர் அவர். நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையைப் பரிசோதித்தார். வெளியே பார்ப்பதற்கு அந்த மூளை சாதாரணமாகவே இருந்தது! மெல்லிய துண்டுகளாக நறுக்கிச் சாயம் ஏற்றிப் பூதக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான், டௌ என்ற புரதம் அங்கங்கே திரண்டு படிந்திருப்பது தெரிந்தது. 2005-இல் அவர் இதை வெளியிட்டார்.

பின்னர் நிபுணர்கள் ஒன்றுகூடி, இந்த நோயை எப்படி அடையாளம் காண்பது என்று விதி வகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்த விதியின் முக்கியமான அடையாளம், மடிப்புப் பள்ளங்களின் அடியில் சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி அந்தப் புரதம் படிந்திருப்பதுதான். கணினி காட்டிய அதே இடம்!

உடனே பயந்துவிடாதீர்கள். இந்த நோய் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் தலையில் அடி வாங்கியவர்களிடம் காணப்படுவது. ஒரு முறை வழுக்கி விழுந்த பிள்ளைக்கு வருவது அன்று. ஆனாலும் அடியின் வேகம் எங்கே போய்த் தங்குகிறது என்பதை அந்த வீரர்களின் மூளைகள் நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கின்றன.

மடிப்பே மாறிவிடுமா?

கருவில் விழுந்த மடிப்பு, இலேசான அடியால் பிற்காலத்தில் மாறுமா? காந்த ஸ்கேன் படங்களும் கணினியும் வந்த பிறகு இதையும் அளக்கத் தொடங்கினார்கள். ஸில்ஸ் துண்டு துண்டாக அளந்த அந்த மடங்கு எண்ணை, இன்று உயிரோடிருப்பவரின் மூளையில் இடம் இடமாக அளக்கலாம். 2016-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வாளர்கள், இலேசான மூளைக் காயம் அடைந்த முன்னாள் படை வீரர்களின் புறணி வளைவுகளை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பதாக எழுதினார்கள். அதன் பிறகும் இத்தகைய ஆய்வுகள் தொடர்கின்றன.

நரம்பு இழைகள் சேதமானால் அவை இழுத்துப் பிடித்திருந்த விறைப்பு தளரலாம். ஒரு பக்கத்து அணுக்கள் வாடினால் அங்கே உறை மெலிந்து, பள்ளம் சற்று அகலலாம். அடிபட்ட புதிதில் ஏற்படும் நுண்ணிய வீக்கமும் அளவை மாற்றிக் காட்டலாம். ஆனால் பெரிய மேடு பள்ளங்கள் இடம் மாறுவதோ, மடிப்பு நீங்கி மூளை வழவழப்பாவதோ இல்லை. இந்த வேறுபாடுகள் மிகச் சிறியவை. பல பேரைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போதுதான் தெரியவருகின்றன. ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து, "இதோ, உங்கள் மடிப்பு மாறிவிட்டது" என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் யாராவது இருந்தால், பையை இறுக்கிக் கொள்ளுங்கள்!

படத்தில் தெரியாத காயம்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், தேவையானால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பு உடைந்திருக்கிறதா, இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறதா என்பதை அது நன்றாகக் காட்டும். உயிரைக் காப்பாற்ற அது போதும். ஆனால் மடிப்பின் அடியில் இழுபட்ட நரம்பு இழைகள் அதில் தெரிவதில்லை. இலேசான காயம் பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் படம் சுத்தமாகவே இருக்கும்.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னால், ஆபரேஷன் செய்ய வேண்டிய ஆபத்து ஒன்றுமில்லை என்று அர்த்தம். வீட்டிலே நாம் அதை எப்படிப் புரிந்து கொள்கிறோம்? "ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், இவன் நடிக்கிறான்" என்று!

தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, சொன்னது மறந்து போவது, தூக்கம் கெடுவது, சிறு பேச்சுக்கும் சீறி விழுவது, இவையெல்லாம் மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதங்களில் மறைந்து விடுகின்றன. பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு மட்டும் தொல்லை நீடிக்கிறது. அந்த இடைக்காலத்தில் அவர்களுக்கு அடியைவிட அதிகமாக வலிப்பது வீட்டாரின் ஏச்சுதான்.

வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நேற்று வரையில் சரளமாக வாசித்த பிள்ளை, விழுந்து எழுந்த பின் நாலு வரி படிப்பதற்குள் கண்ணைக் கசக்குகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் தலையைக் கவிழ்த்துக் கொள்கிறது. சோம்பேறி என்று திட்டுவது எளிது. ஆனால் காலில் கட்டுப் போட்ட பிள்ளையை ஓடச் சொல்வோமா? மூளைக்குக் கட்டுப் போட முடியாது என்பதால்தானே நமக்குத் தெரியவில்லை! பெற்றோர்களே, பிள்ளை விழுந்த செய்தியை ஆசிரியருக்குச் சொல்லி அனுப்புங்கள். பரீட்சைக் காலமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

உழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மேலதிகாரியிடம் சொல்லி, கிளினிக்கிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். தலைவலியும் மறதியும் நாலு நாள் கழித்துத் தெரியலாம். அப்போது, "அன்று நீ ஒன்றும் சொல்லவில்லையே" என்ற பேச்சு வரக் கூடாது. மலேசியாவில் சொக்சோ பாதுகாப்பு வேலைக்குப் போய்வரும் வழி விபத்துகளுக்கும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அபாய அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், கண்மணி ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருத்தல், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல். இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் முதியவர்கள் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வயதானவர்களுக்கு உள்ளே மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தொல்லை கொடுப்பதுண்டு.

இரண்டாவதாக, முதல் ஒரு நாள் அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள். அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். டாக்டர் பார்த்து, ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூக்கம் நல்லதே. மதுவைத் தொடக் கூடாது. தலைவலிக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக, 24 முதல் 48 மணி நேரம் வரையில் ஓய்வு. படிப்பும் கைத்தொலைபேசித் திரையும் அந்த இரண்டு நாள் குறைவாக இருக்கட்டும். ஆனால் இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது டாக்டர்கள் ஒப்புக் கொள்வதில்லை. வீட்டுக்குள் நடமாடலாம். இரண்டு நாள் சென்றதும் மெல்ல நடந்து, மெல்லப் படித்து, படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்புவதே நல்லது. தொல்லை கூடினால் ஒரு படி இறங்கி, மறுநாள் மறுபடி ஏறலாம்.

நான்காவதாக, இரண்டாவது அடி விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். இதுதான் மிக முக்கியம். மோதி விழுந்த பையனை அன்றைக்கே மறுபடி திடலில் இறக்காதீர்கள். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்து, மூளை திடீரென்று வீங்கி உயிர் போனதும் உண்டு. அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் நடந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பிள்ளைகள். பெரியவர்களும் கிறுகிறுப்பு நீங்கும் வரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, ஏணியில் ஏறுவது, குலை வெட்டுவது ஆகியவற்றைத் தள்ளிப் போட வேண்டும்.

தலைப்பாகைக்குப் பதில்

1935-ஆம் ஆண்டு மே மாதம், அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த போர் வீரர் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். மூளைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர். அதன் பிறகு மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவர் விடாமல் ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941-இல் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மலேசியாவில் 1973-ஆம் ஆண்டின் விதிகள் நம் தலையிலும் கவசத்தை ஏற்றின.

விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிளோட்டிகளில், கவசம் அணிந்தவருக்குத் தலைக்காயம் ஏற்படும் அபாயம் நூற்றுக்கு 69 பங்கும், மரண அபாயம் 42 பங்கும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கவசம் எல்லாச் சுழற்சியையும் தடுத்துவிடாது. மூளை உள்ளே அதிரத்தான் செய்யும். ஆனாலும் அதைவிட நல்ல காவல் இன்று நம் கையில் இல்லை. அதுவும் வாரை இறுக்கிப் பூட்டினால்தான் காவல். போலீசுக்காகத் தலையில் கவிழ்த்து வாரைத் தொங்க விட்டுக் கொண்டு போனால், விழும்போது அது ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்! பாசார் மலாமுக்குத்தானே போகிறோம் என்று பிள்ளையை வெறுந்தலையோடு முன்னால் உட்கார வைப்பவர்கள், அடுத்த முறை புறப்படும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

தாயின் வயிற்றில் மாதக்கணக்கில் மடிந்து மடிந்து உருவான பொருள் இது. கடையில் வாங்க முடியாது. மாற்றி மடிக்கவும் முடியாது. ஆகவே இனி யாராவது விழுந்து எழுந்து, "ஒன்றுமில்லை" என்று சொன்னால், தலைப்பாகையோடு போயிற்று என்று கலைந்து விடாதீர்கள். அவரை உட்கார வையுங்கள். பெயரையும் கிழமையையும் கேளுங்கள். கூட ஒருவர் இருங்கள். இரண்டு வாரம் கழித்து, "இன்னும் தலை வலிக்கிறது" என்று அவர் சொன்னால் நம்புங்கள். வேண்டிய ஓய்வும் நம்முடைய பொறுமையும் கிடைத்தால், அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பழையபடி எழுந்து நடமாடுவார்கள்.